கிளிமஞ்சாரோ: கனவுக்கு உடலைப் பழக்குதல்

தான்சானியாவில் 5,895 மீட்டர் உயர்ந்து நிற்கும் கிளிமஞ்சாரோ, கயிறும் பனிக்கோடரியும் இன்றி நடந்தே ஏறக்கூடிய மலை என்பதால், எத்தனையோ எளிய மனிதர்களின் வாழ்நாள் கனவாக இருந்துவருகிறது. ஆயினும் அதன் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதியாகக் குறைந்து, தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் சேர்ந்த உயரநோய் உடல்வலிமை மிக்கவரையும் வீழ்த்திவிடக்கூடும். மச்சாமே வழியில் செல்வோர் சுமார் 4,600 மீட்டர் உயரத்திலுள்ள லாவா டவர் பாறைவரை ஏறிவிட்டு, இரவு உறங்கப் பல நூறு மீட்டர் கீழேயுள்ள பராங்கோ முகாமுக்கு இறங்குவது, குறைந்த ஆக்சிஜனுக்கு உடல் மெல்லப் பழகிக்கொள்வதற்காகவே.

வீட்டில் செய்யும் ஆயத்தமும் இதே பொறுமையைக் கோருகிறது. முதுகுப்பையில் சிறிது சிறிதாகச் சுமையேற்றி மாதக்கணக்கில் மாடிப்படி ஏறி இறங்குவதும், புதுக் காலணியை முன்கூட்டியே அணிந்து பழக்குவதும், இறக்கத்தில் விரல் நுனி காலணியில் மோதி நகம் கருத்துப்போகாதிருக்க நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்வதும் சிறு செயல்களாகத் தோன்றினும், நள்ளிரவில் தொடங்கும் இறுதி ஏற்றத்தில் கைகொடுப்பவை அவையே. உயரநோய் முற்றினால் உச்சி கண்ணெதிரே இருந்தாலும் இறங்கிவிடும் துணிவையும் அந்த ஆயத்தத்தில் சேர்த்துக்கொள்பவரே கனவையும் உயிரையும் ஒருங்கே மதிப்பவர் ஆவார்.