இரு விரற்கடை

சித்தூர்ச் சந்தைப்பேட்டையில் வெல்ல மண்டி ஒன்றில் நாற்பதாண்டு கணக்கெழுதி ஓய்ந்தவர் எம் தந்தையார். பேரேட்டைப் புரட்டும் கை ஓய்ந்தாலும் பாக்கை மெல்லும் வாய் ஓயவில்லை. அந்தப் பாக்குக்கும், 2024ஆம் ஆண்டு அவருக்கு நடந்த பித்தப்பை அறுவைக்கும் ஒரு தொடர்பு உண்டென்று எவரேனும் முன்னமே கூறியிருந்தால் நாம் நகைத்திருப்போம்.

பாட்டனார் காலத்தில் குடியாத்தத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எம்முடையது. பெருநோய் என்றால் வேலூருக்கு வண்டியேறுவதே எங்கள் வழக்கம். ஆனால் எமக்கோ ரேணிகுண்டாவில் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கிடைத்த விடுப்பு ஐந்தே நாள். ஆகவே அருகிலேயே, திருப்பதியில், மருத்துவ மாணவர் பயிலும் பெரிய மருத்துவமனை ஒன்றில் அவரைச் சேர்த்தோம். தந்தையாரின் தமக்கையான எம் அத்தையாரும் சித்தூரிலிருந்து துணைக்கு வந்து சேர்ந்தார்.

அறுவைக்கு முதல்நாள் மாலை மயக்க மருத்துவர் வந்தார். இளம் பெண். கத்தி பிடிப்பவரே பெரியவர், மயக்கம் கொடுப்பவர் அவருக்கு ஒரு கையாள் என்று எண்ணும் பேதைமை அன்றுவரை எம்மிடம் இருந்தது. "தாத்தா, நோரு தெரவண்டி" என்றார் அவர். தந்தையார் வாயைத் திறந்தார். இன்னும் திறக்கச் சொன்னார். அதற்குமேல் திறக்கவில்லை. மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே தம் விரல்களையே அடுக்கி வைக்கச் சொன்னார். இரண்டு விரல் நுழைந்தது, மூன்றாவது நுழையவில்லை. நாக்கை நீட்டச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார், உள்நாக்கு தென்படவில்லை. கழுத்தை நிமிர்த்தச் சொன்னார். மோவாயிலிருந்து குரல்வளை மேடுவரை அளந்தார். ஆடும் பல் உண்டா, கட்டிய பல் உண்டா என்று கேட்டார். "பித்தப்பைக்கும் பல்லுக்கும் என்னடா உறவு?" என்று தந்தையார் எம்மைத் தமிழில் வினவ, அது புரிந்தவராய் மருத்துவர் சிரித்தார்.

பிறகு எங்கள் பக்கத்துக் கலப்புப் பேச்சிலேயே விளக்கினார். முழு மயக்கத்தில் தசைகளைத் தளர்த்தும் மருந்து ஏறியதும் நோயாளி தாமாக மூச்சுவிட மாட்டார். வாய்வழியே மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்தி, அதன் வழியே பிராணவாயு கொடுக்க வேண்டும். மூளை பிராணவாயு இன்றிச் சில நிமிடங்களே தாங்கும். வாய் திறவாவிடில் கருவி நுழைவது எங்ஙனம்? பல்லாண்டு பாக்கு மென்றதால் தந்தையாரின் கன்னத்து உட்புறம் நார்க்கயிறுபோல் இறுகிவிட்டது என்றார் அவர்.

நாக்கை நீட்டிப் பார்க்கும் அச்சோதனைக்கு மல்லம்பாட்டி என்று பெயர். ஏதோ மேனாட்டுச் சொல் என்றிருந்தோம். குண்டூர் மாவட்டத்திற் பிறந்து, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மயக்க மருத்துவராயிருந்த சேஷகிரிராவ் மல்லம்பாட்டி என்பாரின் வீட்டுப் பெயராம் அது! நாக்கு உள்வாயை மறைக்குமாயின் குழாய் செலுத்துவது கடினமாகலாம் என்று அவர் கருதினார். கருதியதோடு நில்லாமல், 210 பேரை அறுவைக்கு முன் வாய் திறக்கச் செய்து, அங்கே கண்டதையும் பின்னர்க் குழாய் செலுத்துகையிற் கண்டதையும் ஒப்பிட்டு 1985இல் வெளியிட்டார். அவர் வகுத்த மூன்று வகுப்பை 1987இல் வேறிருவர் நான்காக்கினர். அச்சோதனை ஒன்றை மட்டும் நம்பலாகாது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. விரலளவும் கழுத்தளவும் உடன் எடுப்பது அதனால்தான்.

சற்றைக்கெல்லாம் மேற்படிப்பு மாணவர் ஒருவர் படிவத்தோடு வந்தார். தந்தையாரின் வாயளவு, கழுத்தளவு முதலியவற்றைப் பெயர் குறிக்காமல் ஓர் ஆய்வில் சேர்த்துக்கொள்ள ஒப்புதல் வேண்டுமாம். படிவம் தெலுங்கில் இருந்தது. தந்தையாருக்குத் தமிழெழுத்து மட்டுமே வரும். "என்னை வைத்துச் சோதனையா? நான் என்ன வெள்ளெலியா?" என்று கையை மடக்கிக்கொண்டார். மாணவர் சினவவில்லை. நோயாளிக்குப் புரியும் மொழியிற் சொல்லாமல் ஒப்புதல் பெறலாகாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. நாம் வரிக்கு வரி தமிழாக்கினோம். மறுத்தாலும் சிகிச்சையிற் குறைவு வராது என்னும் வரியை மட்டும் இருமுறை படிக்கச் சொன்னார். அந்த 210 பேரைப் பற்றியும் கூறினோம். "அவர்களும் வாயைத்தானே திறந்தார்கள்" என்று சொல்லித் தமிழில் கையொப்பமிட்டார்.

மறுநாள் விடியலில்தான் வினை வந்தது. நள்ளிரவுக்குமேல் உணவு கூடாதென்று கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தார்கள். ஐந்து மணிக்கு நாம் முகங்கழுவி வரும்போது அத்தையார் எதையோ முந்தானையில் மறைத்தார். இட்டிலி கட்டிய இலை. "வெறும் வயித்தோட கத்திக்குப் படுப்பாங்களா? ரெண்டே ரெண்டு கொடுத்தேன்" என்றார். தந்தையார் எம் முகத்தைப் பார்க்கவில்லை. அறுவை எட்டு மணிக்கு. ஏழு மணிக்குச் செவிலியர் வந்து, ஏதேனும் உண்டாரா என்று கேட்டார்.

"ஏமீ தினலேது" என்றோம்.

ஏன் அப்படிச் சொன்னோம்? விடுப்பில் இரண்டு நாள் போய்விட்டது. அத்தையாரை எல்லார் முன்னும் ஏசுவார்கள். அயலூரில், அறியாத கூட்டம் என்று பெயர் வாங்க நாணம். இரண்டு இட்டிலிதானே! பொய்க்குக் காரணம் தேடினால் ஒரு நொடியில் நாற்பது அகப்படும்.

படுக்கையைத் தள்ளிக்கொண்டு அறுவைக் கூடத்துக் கதவுவரை சென்றோம். அங்கே அந்த மருத்துவர் நின்று முதலிலிருந்து கேட்கலானார்: பெயர் என்ன, என்ன அறுவை, கடைசியாக உண்டது எப்போது? எம் அலுவலகத்தில் எடைச் சீட்டை இருவர் சரிபார்ப்பதுண்டு. இருவர் காதிலும் ஒரே பொய்யை ஓதினால் அந்தச் சரிபார்ப்பு எதற்கு? தெலுங்கு வரவில்லை. "ரெண்டு இட்லி. அஞ்சு மணிக்கு" என்று தமிழிலேயே வந்துவிட்டது.

அவர் ஏசவில்லை, படுக்கையின் விளிம்பைப் பிடித்தபடி சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர்ச் சொன்னார். விழித்திருக்கும்போது இருமலே மூச்சுக்குழலுக்குக் காவல். மயக்கத்தில் அக்காவல் இல்லை. வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலில் இறங்கிவிடும். மெண்டல்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் நியூயார்க்கில் 44,016 மகப்பேறுகளின் பதிவுகளை ஆராய்ந்து, மயக்கத்தின்போது 66 பேருக்கு அவ்வாறு நேர்ந்ததை 1946இல் எழுதினார். அவர்களில் இருவர் கெட்டி உணவு அடைத்து மூச்சுத் திணறி மாண்டனர். இட்டிலி போன்ற எளிய உணவுக்கும் ஆறு மணி நேரம் கழிய வேண்டும். தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம் போதும். "இவருக்கு வாயும் திறவாது. குழாய் போடவே நேரமாகும். அந்த நேரத்தில்..." என்று நிறுத்திக்கொண்டார். அன்றைய பட்டியலில் வேறு இடமில்லை. அறுவை மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. எமக்கு ஒருநாள் சம்பளம் நட்டம். அத்தையார் அன்று முழுதும் சாப்பிடவில்லை.

மறுநாள் தந்தையாரை உறக்கத்தில் ஆழ்த்துமுன்பே குழாயைச் செலுத்தினார்கள். மூக்கும் தொண்டையும் மரத்துப்போக மருந்து தெளித்து, வளையும் மெல்லிய நோக்குக் கருவியை மூக்கு வழியே விட்டு, அதன்மேல் குழாயைச் சறுக்கவிட்டு, மூச்சுக்குழலில் அது அமர்ந்தது உறுதியான பின்னரே மயக்கம். "தும்மல் வந்து நின்றுபோனாற்போல இருந்தது" என்றார் பின்னர். இம்முறையை 1967இல் முதன்முதற் செய்து காட்டிய மர்ஃபி என்னும் ஆங்கிலேய மருத்துவர் கையாண்டது, பித்தக்குழாயை நோக்குவதற்கென்று செய்த கருவி. பித்தப்பை நோயாளியான எம் தந்தையாருக்கு இச்செய்தி மிகவும் பிடித்துவிட்டது. காண வருவோர்க்கெல்லாம் சொல்கிறார்.

எம் மனத்திற் பதிந்தது வேறொன்று. எதிர்பாராமல் குழாய் செலுத்துவது கடினமானால் என்ன செய்வதென்று, அகில இந்தியக் கடின மூச்சுவழிச் சங்கத்தார் 2016இல் நெறிமுறை வகுத்துள்ளனர். முயற்சி மூன்று முறைக்கு மேற்படலாகாது. இடையிடையே முகமூடியால் பிராணவாயு கொடுக்க வேண்டும். பின்னர்க் குரல்வளைமேல் அமரும் கருவியை இருமுறை முயலலாம். அதுவும் தவறி, முகமூடியாலும் காற்று செல்லாவிடில் கழுத்தின் முன்புறம் கீறி வழி செய்ய வேண்டும். எங்கள் ரயில்வேயில், வழி கிடைத்ததென்று அடுத்த நிலையம் சொல்லாமல் வண்டியை விடலாகாது. எத்தனை அவசரமாயினும் விதி விதியே. திறமையுள்ளவரை ‘இன்னும் ஒரே முறை’ என்னும் ஆசையிலிருந்து தடுப்பதற்கும் ஒரு விதி வேண்டியிருக்கிறது.

வீடு திரும்புகையில் அம்மருத்துவர் ஒரு கடிதம் தந்தார். இவருக்கு வாய்வழிக் குழாய் செலுத்துதல் கடினம், இன்ன முறையிற் செலுத்தினோம் என்று அதில் எழுதியிருக்கிறது. இனி எந்த ஊரில் எந்த அறுவையாயினும் முதலில் காட்ட வேண்டியது அதுவே. தமிழில் ஒரு படி எழுதித் தந்தோம். இரண்டையும் தந்தையார் வெற்றிலைச் செல்லத்தில் மடித்து வைத்திருக்கிறார். பாக்கையும் புகையிலையையும் நிறுத்திவிட்டார். சுண்ணாம்பு டப்பி மட்டும் மூலையில் இருக்கிறது. ஏன் என்று கேட்டால், இருக்கட்டும் என்கிறார். காலையிற் பல் துலக்கியதும் கண்ணாடிமுன் நின்று விரலை அடுக்கிப் பார்க்கிறார். இன்னும் இரண்டுதான்.