தந்தையாரின் தூண்டில்

ஆஸ்டின் டவுனில் வாழ்ந்த இளமைக்காலத்தில், ஒரு ஞாயிறன்று தந்தையார் தூண்டிலும் கட்டுச்சோறுமாக என்னை ஹெசரகட்டா நீர்த்தேக்கத்துக்கு அழைத்துச் சென்றார். திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில், 1894இல், அர்க்காவதியைத் தேக்கி எழுந்தது அது. பெங்களூருக்கு முதன்முதல் குழாய்நீர் தந்ததும் அதுவே. மாலைவரை தக்கை அசையவில்லை. இறுதியில் சிக்கிய சிறு கெண்டையைத் தந்தையார் நீரிலேயே விட்டுவிட்டார். “உன் பாட்டனார் பருகிய நீரப்பா, அதற்கும் கொஞ்சம் மிச்சம் வைப்போம்” என்றார்.

1974இல் காவிரி நீர் நகருக்கு வந்தது. அர்க்காவதியை நாங்கள் மறந்தோம். பல்லாண்டுகள் கழித்து, அதே தூண்டிலுடன் என் மகனை அங்கு அழைத்துச் சென்றேன். புல் முளைத்த ஏரிப்படுகையில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. “தண்ணீர் எங்கேயப்பா?” என்றான். வீட்டுக் குழாயைத் திறக்குந்தோறும் அக்கேள்வி என் செவியில் ஒலிக்கிறது; விடை கூற இன்னும் நா எழவில்லை.