ஆச்சி ஒண்ணும் போடல

எங்கள் குடும்பத்தில் செடி வளர்ப்பு பற்றி யார் பேசினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "ஆச்சி என்னத்தப் போட்டா? ஒண்ணும் போடல. அதுபாட்டுக்கு மரமாட்டம் நின்னுச்சு." இதைச் சொல்லாத மாமா இல்லை, சித்தி இல்லை. சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருந்த ஊர். புறவாசலில் நின்ற செம்பருத்தியை ஆச்சி 'செம்பரத்தை' என்பாள். ஒற்றை அடுக்கு, ஐந்து இதழ், நல்ல ரத்தச் சிவப்பு. தெருவில் பாதிப் பேர் வீட்டுப் பிள்ளையாருக்கும், மீதிப் பேர் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்கும் அதில்தான் பறித்தார்கள்.

2019-இல் அந்த வீடு கைமாறியது. புது ஆட்கள் இடித்துக் கட்டினார்கள், மரமும் போனது. அதற்கு முந்தின மாதம் அம்மா போய் ஏழெட்டுக் குச்சி ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மூன்று பிழைத்தன. அவை பாளையங்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டு மொட்டை மாடியில் மூன்று தொட்டிகளில் நிற்கின்றன.

சாதாரணக் குச்சிதானே என்று தோன்றலாம். ஆனால் செம்பருத்தியின் விஷயம் கொஞ்சம் வேறு. லின்னேயஸ் 1753-இல் அதற்கு 'சீனத்து ரோஜா' என்று பொருள்படும் பெயரை வைத்தார். காட்டில் தானாக முளைத்து நிற்கும் செம்பருத்தியை இதுவரை யாரும் உறுதியாகக் காட்டியதில்லை. மனிதர்கள் கையோடு கொண்டுபோய் நட்ட இடங்களில்தான் அது இருக்கிறது. நம் வீடுகளில் நிற்கும் சிவப்புச் செடி பெரும்பாலும் விதை கட்டுவதும் இல்லை. ஒரு செடியின் குச்சியிலிருந்துதான் அடுத்த செடி. அப்படிப் பார்த்தால் எங்கள் மாடியில் நிற்பது ஆச்சி வீட்டுச் செடியின் பிள்ளை இல்லை, அதே செடிதான். இந்த மூன்றும் பட்டுப்போனால் அது முடிந்தது.

அதனால்தான் 'ஒண்ணும் போடல' என்ற பேச்சை நான் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. ஆச்சி ஒன்றும் போடாமலே அது வளர்ந்தது என்றால் மாடியில் நாங்கள் இவ்வளவு பார்த்தும் ஏன் சுணங்குகிறது?

அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அந்தப் புறவாசலை மனதுக்குள் திரும்பக் கட்டிப் பார்த்தேன். செடிக்குப் பக்கத்தில்தான் பாத்திரம் தேய்க்கிற கல். அப்போது சோப்பு கிடையாது. அடுப்புச் சாம்பலும், பித்தளை என்றால் புளியும். தேய்த்த தண்ணீர் முழுக்கச் செடியின் காலடிக்குத்தான் போகும். அதோடு அரிசி கழுவிய தண்ணீரில் மாடு குடித்தது போக மிச்சம். தொழுவம் கழுவினால் அந்தத் தண்ணீரும் அதே வாய்க்கால். முற்றம் பெருக்கிய சருகை அந்த மூலையில்தான் குவிப்பார்கள். கோழி அதைக் கிளறும். கால்வாயில் தண்ணீர் வந்தால் தரைக்கடியில் ஈரம் ஏறும். கார் சாகுபடிக்கு ஒரு தண்ணீர், பிசானத்துக்கு ஒரு தண்ணீர். பொதிகையில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமும் பெய்வதால் தாமிரபரணிக்கு வாய்த்த கொடுப்பினை அது.

ஆக, அந்தச் செடி தெருவிலேயே வசதியாகச் சாப்பிட்ட செடி. ஆச்சி தனியாக 'உரம்' என்று ஒன்றை எடுத்துப் போடவில்லை, அவ்வளவுதான். அவள் வீடு நடந்த விதத்திலேயே உரம் இருந்தது. பொட்டாஷுக்குத் தமிழில் சாம்பல்சத்து என்று பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது லிக்விட் சோப்பில், தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போகிறது. சருகு கிடையாது. மாடு தெருவில் சுவரொட்டி தின்கிறது. பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்குள் இருக்கிற வேர் சத்தைத் தேடிப் பக்கத்து மனைக்குப் போக முடியாது. அங்கே தானாக நடந்ததையெல்லாம் இங்கே தெரிந்து, கணக்கு வைத்துச் செய்ய வேண்டும்.

கணக்கு என்றவுடன் பலரும் போகிற இடம் கடலைப் பிண்ணாக்கு. நல்ல பொருள்தான். ஆனால் அதில் ஏறக்குறைய 7 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. மக்கிய தொழுவுரத்தில் அரை சதவீதம்தான். கை நிறைய அள்ளிப் போடுகிற பழக்கம் தொழுவுரத்திலிருந்து வந்தது. அதே கையால் பிண்ணாக்கை அள்ளினால் பதினாலு மடங்கு போகிறது. வண்ணார்பேட்டைச் சித்திக்கு அம்மா ஒரு தொட்டி கொடுத்திருந்தாள். சித்தி தாராள மனசுக்காரி. இலை முருங்கைக்கீரை விற்கிற மாதிரி கொத்துக் கொத்தாக, கரும்பச்சையில். ஆறு மாதமாக மொட்டு மட்டும் இல்லை. அம்மா போய்ப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உனக்குப் பூ வேணுமா, கூட்டு வைக்க இலை வேணுமா?" என்றாள். தழைச்சத்து மட்டும் கூடினால் செடி இலை விடுவதிலேயே குறியாக இருக்கும். செம்பருத்தி பூப்பதற்குச் சாம்பல்சத்து நிறைய வேண்டும், மணிச்சத்து கொஞ்சம் போதும். பூச்செடி என்றாலே எலும்புத்தூள் போடச் சொல்வார்கள். செம்பருத்திக்கு அது அவ்வளவு தேவையில்லை. மணிச்சத்து மிஞ்சினால் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போகும்.

எங்கள் வீட்டு முறை இது. நூறு கிராம் பிண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவிட்டு (நாற்றத்துக்கு மாடி வீட்டுக்காரர்தான் பொறுக்க வேண்டும்), அதைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, தொட்டிக்கு ஒரு செம்பு. மாதம் இரண்டு தடவை. மண்புழு உரம் மாதத்துக்கு இரண்டு கை. வாழைப்பழத்தோலை அப்படியே தொட்டியில் போடுவதில்லை, எறும்பு வரும். மக்குத் தொட்டியில் சருகோடு போட்டு மூன்று மாதம் கழித்து எடுக்கிறோம். மண்ணை மாற்றும்போது ஒரு கை வேப்பம்பிண்ணாக்கு. எதைப் போடுவதானாலும் முதல் நாளே தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்து வைக்க வேண்டும், காய்ந்த வேரில் பிண்ணாக்குத் தண்ணீர் பட்டால் கருகும். செம்பருத்தி புதுக் கிளையின் நுனியில்தான் பூக்கும் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுகிறோம். அம்மாவுக்கு அன்றைக்கு மட்டும் மனசு சரியிருக்காது.

'ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்' என்று பழமொழி உண்டு. அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போட்டவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னது. நாம் போடுவதைச் செடி நேரடியாகச் சாப்பிடுவதில்லை. மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதைச் சாப்பிட்டுச் செரித்த பிறகுதான் வேருக்குக் கிடைக்கும். அதற்குச் சூடும் ஈரமும் காற்றும் நாளும் வேண்டும். இயற்கை உரம் போட்ட மறுவாரமே மொட்டை எண்ணுகிறவர்கள் அடுத்த வாரம் இன்னொரு பங்கு போட்டுவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது செடி திணறிப்போகும்.

தொட்டி மண்ணுக்கும் ஒரு கதை இருக்கிறது. முன்னெல்லாம் செம்மண், தொழுவுரம், ஆத்து மணல் மூன்றும் சம பங்கு என்பார்கள். தாமிரபரணியில் அள்ளிய மணலுக்கு அளவே இல்லாமல் போய், 2010-இல் ஸ்ரீவைகுண்டத்துக்காரரான இரா. நல்லகண்ணு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே வாதாடித் தடை வாங்கினார். மூன்று தொட்டிக்கு வேண்டிய மணலால் ஆறு வற்றாது என்பது உண்மைதான். ஆனாலும் அம்மா மணலை விட்டுவிட்டாள். தென்னைநார்க் கழிவை இரண்டு மூன்று தடவை அலசி, உப்பைப் போக்கிச் சேர்க்கிறோம். தண்ணீர் வடிகிறது, ஈரமும் நிற்கிறது.

தண்ணீர்தான் எங்களுக்குப் பெரிய பாடு. மாநகராட்சிக் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர், மென்மையானது. அது வராத நாளில் போர்த்தண்ணி, கடுப்பு. இரண்டு மாதம் போர்த்தண்ணி ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது பசி போலத் தெரியும், ஆனால் உரம் போட்டுத் தீராது. மண்ணில் இரும்பு இருந்தும் சுண்ணாம்பு ஏறிய மண்ணில் வேரால் அதை எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். மழைத் தண்ணீர் பிடித்து, தொட்டிக்கு அடியில் வடிகிற வரை ஊற்றி அலசினால் அடுத்த கொழுந்து பச்சையாக வரும். வயசான அடி இலை மஞ்சளானால் அது வேறு, அது தழைச்சத்துக் குறைவு. எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்க்காமல் கடைக்குப் போகக்கூடாது.

அடுத்து மாவுப்பூச்சி. செம்பருத்தி பெயருக்கு ஏற்றபடி பருத்திக் குடும்பம். வெண்டை, பூவரசு, துத்தி எல்லாம் சொந்தக்காரர்கள். பருத்தியிலும் வெண்டையிலும் ஏறுகிற மாவுப்பூச்சி இங்கேயும் ஏறும். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாடு முழுக்கப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளியை வெள்ளையாக்கியது. வீட்டுச் செம்பருத்தியையும் விடவில்லை. எத்தனை மருந்து அடித்தும் அந்த மெழுகுப் பூச்சுக்குள் இறங்கவில்லை. கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி அதை அடக்கியது. அசெரோபேகஸ் பப்பாயே என்று பெயர். மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு உள்ளிருந்தே தின்னும். வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி வயல்களில் விட்டது.

மாடியில் நாங்கள் செய்வது சின்ன வேலை. வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது, வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கலந்து சாயங்காலம் தெளிப்பது, எறும்பை ஏறவிடாமல் தடுப்பது. மாவுப்பூச்சி விடுகிற இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுவும் வெள்ளையாக, பஞ்சு ஒட்டிய மாதிரி இருக்கும். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, சுறுசுறுப்பாக ஓடினால் அதை விட்டுவிட வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்த மழை அது. ஆறு வண்ணார்பேட்டைக்குள் வந்தது. சித்தி வீட்டுக் கீழ்த்தளத்தில் இரண்டு நாள் தண்ணீர். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொட்டி முழுக்க மூழ்கி, காற்றில்லாமல் வேர் அழுகிப் போயிற்று. வாசலில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சேறு. தாமிரபரணி வண்டல். எத்தனை தலைமுறை வயலை வளர்த்த மண். அம்மா ஒரு கட்டியை எடுத்து மோந்து பார்த்தாள். சாக்கடையும் டீசலும் நாறியது. "இதுல எதையும் நடமுடியாது" என்று கீழே போட்டாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. செடி போனதற்கு வருத்தப்பட்டாளா, மண் போனதற்கா என்று நான் கேட்கவில்லை.

தை பிறந்ததும் எங்கள் தொட்டியிலிருந்து சித்திக்கு மறுபடி குச்சி போனது. பென்சில் கனம், அரையடி நீளம், கணுவுக்குக் கீழே வெட்டு, மேலே இரண்டு இலை மட்டும், நிழல். ஐந்தாறு வாரத்தில் வேர் விட்டது. அதோடு அம்மா நிறுத்தவில்லை. கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோருக்கும் கொடுக்கிறாள். இன்றைய கணக்குக்கு ஒன்பது வீடு, அதில் ஒன்று கோயம்புத்தூரில். ஓரிடத்தில் வெள்ளம் வந்தாலும் வீடு விற்றாலும் இன்னோரிடத்தில் இருக்கும்.

வாங்கிப் போனவர்கள் வாட்ஸப்பில் படம் அனுப்பி, "என்ன உரம் போடணும் அத்தை?" என்று கேட்பார்கள். அம்மா உடனே பதில் சொல்வதில்லை. "தண்ணி எங்கிருந்து வருது? அரிசி கழுவுன தண்ணிய எங்க ஊத்துதிய? சருகு கிடைக்குமா? வெயில் எத்தன மணி நேரம்?" என்று அவள்தான் கேட்கிறாள். இதையெல்லாம் கேட்ட பிறகுதான் பிண்ணாக்குப் பேச்சு வரும்.