குறை தீர்ந்தவளை ஏன் கூப்பிட்டார்கள்?

பேய்ப் படம் ஓடும்போது எங்கள் அத்தை கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “இவளுக்கு என்னடா குறை?” யார் நடித்தார்கள், இசை யார், எந்தக் காட்சியில் அலற வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. செத்தவள் எதற்காகத் திரும்பி வந்தாள் என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்துவிட்டால் கடைசிவரை அசையாமல் பார்ப்பார். தெரியாவிட்டால் பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

‘சந்திரமுகி 2’ 2023 செப்டம்பர் 28 அன்று வெளியானது. தேயிலை ஃபேக்டரியில் எனக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட். பச்சைத் தேயிலையை வாட்டப் போட்டுவிட்டு மிஷின் ஓடத் தொடங்கும்வரை கிடைக்கிற நேரத்தில் எங்களுக்குப் பேச்சு என்றால் சினிமாதான். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ரஜினி இருந்த இடத்தில் லாரன்ஸைப் பார்க்க மனம் ஒப்பவில்லை என்றார் ஒருவர். ஜோதிகா போல அந்தக் கண்ணை யாராலும் உருட்ட முடியாது, கங்கனா ரனாவத் பாவம் என்ன செய்வார் என்றார் இன்னொருவர். முதல் படத்தில் வித்யாசாகர் போட்ட பாட்டு இன்னும் கல்யாண வீட்டில் ஓடுகிறது, இதில் கீரவாணியே இசையமைத்தும் ஒரு பாட்டு கூட மனதில் நிற்கவில்லை என்றார் லாரி ஓட்டுகிறவர். வடிவேலு அதே முருகேசனாகத்தான் வருகிறார், ஆனால் எதிரே ரஜினி இல்லாமல் அந்தப் பயம் எடுபடவில்லை என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். நானும் படத்தைப் பார்த்திருந்தேன். அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனாலும் என் ஏமாற்றத்துக்கு அவை காரணமில்லை என்று தோன்றியது. எது காரணம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

படம் ஓடிடிக்கு வந்தபிறகு அத்தை வீட்டிலேயே பார்த்தார். முடிந்ததும் சொன்னார்: “அவதான் போயிட்டாளேடா தம்பி. குறை தீர்ந்து போனவளை மறுபடி ஏன் கூப்பிட்டாங்க?”

நான் தேடியது அதுதான்.

முதல் ‘சந்திரமுகி’ 2005 தமிழ்ப் புத்தாண்டு அன்று வந்தது. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கும் மேல் ஓடிய படம். அதன் வேர் 1993இல் ஃபாசில் இயக்கி, மது முட்டம் எழுதிய மலையாளப் படம் ‘மணிச்சித்ரதாழு’. பி. வாசு அதைக் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாக 2004இலும் அடுத்த ஆண்டே தமிழிலும் எடுத்தார். இந்தியில் பிரியதர்ஷன் 2007இல் ‘பூல் புலையா’ எடுத்தார். இத்தனை மொழி மாறியும் ஒரு விஷயம் மாறவே இல்லை. பேயாகக் கருதப்படுகிறவள் எப்போதும் வேற்றூர்க்காரி. மலையாளப் படத்தின் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுபோகப்பட்ட நடனக்காரி, தமிழ் பேசுவாள். தமிழில் அவளே விஜயநகரத்துச் சந்திரமுகி, தெலுங்கு பேசுவாள். இந்திப் படத்தின் மஞ்சுலிகா வங்காளி. அதிகாரம் உள்ளவன் ஒருவன் ஊர்விட்டு ஊர் தூக்கிவந்து அடைத்த பெண் அவள். தமிழ்ப் படத்தில் அவள் விரும்பியவனைக் கண்ணெதிரே வெட்டிக் கொன்றார்கள். பிறகு அவளையும் எரித்தார்கள். இது குறை. இதைவிடப் பெரிய குறை என்ன வேண்டும்?

அத்தைக்கு இது ஏன் அப்படி நெஞ்சில் ஏறியது என்பதைச் சொல்ல, எங்கள் குடும்பத்தின் கதைக்குப் போக வேண்டும். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் போட்டன. பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் தாத்தா, பாட்டி, அப்பா, அத்தை எல்லாரும் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் பதிந்து, கோத்தகிரிப் பக்கம் டான்டீ என்ற அரசுத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசு நீலகிரியில் தேயிலை நட்டது. அத்தையின் அக்காவுக்கு இலங்கையிலேயே கல்யாணம் ஆகியிருந்தது. அவர் கணவர் வீட்டுக்கு இலங்கைக் குடியுரிமை. அவர் அங்கேயே தங்கிவிட்டார். அக்காவும் தங்கையும் அதற்குப்பின் சந்திக்கவே இல்லை.

தாய்நாட்டுக்குத் திரும்புகிறீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வந்து இறங்கிய இடத்தில் இவர்கள் ‘சிலோன்காரங்க’. பெண் கேட்கப்போனால் அந்தப் பேர், ரேஷன் கடை வரிசையில் அந்தப் பேர். வேற்றூர் பேச்சைப் பேசிக்கொண்டு, பூட்டிய அறைக்குள் நியாயம் கேட்டு ஆடுகிறவளை அத்தை பேயாகவே பார்க்கவில்லை. படம் அதை மனநோய் என்கிறது, மருத்துவர் வந்து விளக்குகிறார், அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. “அவ ஊருக்குப் போகணும்னு கேக்குறா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எனக்கும் பேய்ப் படத்துக்கும் உள்ள உறவை இதுவரை வெளியே சொன்னதில்லை. முதல் ‘சந்திரமுகி’ வந்த வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அப்பா இறந்துபோனார். மாரடைப்பு. காலையில் வேலைக்குப் போனவர், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு விஷயத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனார். அது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப்பின் ராத்திரிகளில் நான் விழித்தே கிடந்தேன். வீட்டில் எல்லாரும் பையன் பயந்திருக்கிறான் என்று நினைத்து விபூதி பூசினார்கள். நான் பயப்படவில்லை. அவர் வருவார் என்று காத்திருந்தேன். தகரக் கூரையில் சத்தம் கேட்டால், கதவு ஆடினால், எழுந்து உட்கார்ந்துகொள்வேன். பேயாக வந்தாலும் சரி, வந்து அந்தப் பேச்சை முடித்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு பையன் ஆசைப்பட்டால் அதை யாரிடம் சொல்வான்? பேய்ப் படங்களை நான் விடாமல் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். செத்தவர் திரும்பி வருகிற, வந்தவரிடம் ‘உனக்கு என்ன வேணும்’ என்று யாராவது கேட்கிற ஒரே இடம் அதுதான்.

அத்தை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் விறகு பொறுக்கப் போனபோது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “குறை உள்ளவங்கதான்டா வருவாங்க. உங்கப்பன் வரலைன்னா அவனுக்குக் குறை இல்லைன்னு நெனச்சுக்க.” அன்றைக்கு ராத்திரி தூங்கினேன் என்று சொன்னால் அது கதையாகிவிடும். தூங்கவில்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னோடு தங்கிவிட்டது. அப்பா வராததை ஒரு நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளச் சில வருஷங்கள் பிடித்தன.

தோட்டத்து ஜனங்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. மலையகத்தில் தேயிலை ஃபேக்டரியின் பெரிய சக்கரத்துக்கு ரோதைமுனி காவல். செடி வெட்டத் தொடங்கும் முன் கவ்வாத்துசாமிக்குப் படையல். கேட்டதைக் கொடுத்தால் போய்விடுகிற, கொடுக்காவிட்டால் நிற்கிற சக்திகள் அவை. சும்மா பயமுறுத்துவதற்காக எந்த முனியும் வருவதில்லை.

இப்போது நீலகிரிக்கே வருகிறேன். இந்தியில் விக்ரம் பட் எடுத்த ‘ராஸ்’ 2002 பிப்ரவரியில் வந்தது. பிபாஷா பாசுவும் டினோ மோரியாவும் நடித்த அந்தக் கதை எங்கள் ஊட்டியில் நடக்கிறது. உடையப்போகும் மணவாழ்க்கையைச் சரிசெய்யக் கணவனும் மனைவியும் இங்கே ஒரு பழைய பங்களாவுக்கு வருகிறார்கள். அங்கே காத்திருக்கும் ஆவி, அந்தக் கணவனால் ஏமாற்றப்பட்டு உயிரை விட்ட பெண். ஹாலிவுட்டில் 2000இல் வந்த ‘வாட் லைஸ் பினீத்’தைத் தழுவியது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் நின்றது. ஆவிக்கு வழக்கு இருந்தது, குற்றவாளி எதிரிலேயே இருந்தான். 2009இல் மோஹித் சூரி இயக்கிய இரண்டாம் பாகத்தில் அதே கங்கனா ரனாவத். கதைக்கும் முதல் படத்துக்கும் தொடர்பே இல்லை. 2012இல் மூன்றாவது, 3டியில், சூனியம் வைக்கும் நடிகை. 2016இல் நான்காவது, ‘ராஸ் ரீபூட்’, ருமேனியாவில் எடுத்தார்கள். ஊட்டியில் ஒரு பெண்ணின் வழக்காகத் தொடங்கியது, கடைசியில் வெறும் தலைப்பாக மட்டும் மிஞ்சியது. ஊர் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெண்ணை மறந்ததில்தான் வருத்தம்.

மூடுபனியைக் காட்டினால் பயம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு மூடுபனி தினசரி. அதற்குள் காட்டெருமை நிற்கிறதா, கரடி வருகிறதா என்பதுதான் ஷிப்ட் முடிந்து நடக்கிறவனின் பயம். கூடலூர், பந்தலூர் பக்கம் யானை. 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் சிறுத்தை தாக்கி மூன்று வயதுக் குழந்தை இறந்தது. பெற்றோர் ஜார்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். எங்கள் தாத்தா பாட்டி போல ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, திடீரென்று சத்தம் போடுகிற ஒரு முகத்துக்கு நாங்கள் ஏன் பயப்பட வேண்டும்?

பேய்ப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு மற்றப் படங்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. போலீஸ் கதை என்றால் அடுத்த குற்றம் நடக்கும். பேய்க் கதை, பேய் கேட்டது கிடைத்தவுடன் முடிந்துவிடுகிறது. துர்காஷ்டமி அன்று, தன்னை அடைத்துவைத்த வேட்டையனை எரித்துவிட்டதாகச் சந்திரமுகியை நம்பவைத்து அனுப்பிவிட்டார்கள். கணக்குத் தீர்ந்தது. அப்புறமும் அவள் வர வேண்டுமென்றால் ஒன்று புதிய வழக்கு வேண்டும், அல்லது பழைய தீர்ப்பு தவறு என்று காட்ட வேண்டும். ‘சந்திரமுகி 2’ முதல் படம் மனநோய் என்று சொன்னதை நிஜ ஆவியாக்கி, வேட்டையனுக்குப் புதிய முன்கதை கொடுத்தது. பெயர்கள் எல்லாம் வந்தன. அவளுடைய வலி வரவில்லை. இதே பி. வாசு 2010இல் கன்னடத்தில் எடுத்த தொடர்ச்சி ‘ஆப்தரக்ஷகா’வை மக்கள் கொண்டாடினார்கள். அதில் நடித்த விஷ்ணுவர்தன் படம் வெளியாகும் முன்பே, 2009 டிசம்பர் 30 அன்று காலமாகிவிட்டார். அந்தத் துக்கமும் சேர்ந்துதான் தியேட்டரை நிரப்பியது என்று நினைக்கிறேன்.

தொடர்ச்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2015இல் வந்த ‘டிமான்ட்டி காலனி’யின் இரண்டாம் பாகத்தை அஜய் ஞானமுத்து 2024 ஆகஸ்டில் தந்தார். முதல் படம் முடித்துவைத்த சாவுகளுக்குள்ளேயே மறுபடி நுழைந்து, அங்கே விட்டுப்போனதைத் தேடினார். அது எனக்குப் பிடித்தது. லாரன்ஸின் ‘காஞ்சனா’ 2011இல் வந்தபோது, நிலம் பறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கைக்காகத் தியேட்டரே கொதித்தது. சரத்குமார் அந்த வேடத்தை எவ்வளவு மரியாதையோடு செய்தார்! அடுத்தடுத்த பாகங்களில் அந்தக் கொதிப்பு குறைந்துகொண்டே போனது. சுந்தர் சி.யின் ‘அரண்மனை’ வரிசை நான்காவது வரை வந்துவிட்டது. குழந்தைகள் சிரிக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆவிகளில் ஒன்றின் பெயரைக்கூட அத்தை நினைவில் வைத்திருக்கவில்லை.

தோட்டத்தில் ஒரு குடும்பம் மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ இறங்கிப்போய்ப் படம் பார்த்துவிட்டு வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும், மேலே பஸ், டிக்கெட், சாப்பாடு. அப்படிப் போய் வந்தவர்கள் ‘படம் நல்லா இல்லை’ என்று சொல்லும்போது, அது ரசனை இல்லாதவர்களின் பேச்சு என்று ஒதுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சாவைக் கண்டவர்கள், பிரிவைக் கண்டவர்கள். திரையில் செத்தவளுக்கு நியாயம் கிடைத்ததா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த பாகத்துக்குக் கதை தேடுகிற இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய தலைப்பைத் தோண்டாதீர்கள். கோத்தகிரிக்கு வாருங்கள், கூடலூருக்கு, பந்தலூருக்கு வாருங்கள். எந்தத் தோட்டத்து வீட்டு வாசலிலும் உட்கார்ந்து, கப்பலில் வந்தவர்களிடம் கேளுங்கள். தீராத குறைகள் இங்கே உயிரோடு இருக்கின்றன. சிறுபிள்ளைகளாகக் கப்பல் ஏறியவர்களில் பலர் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். தாமதிக்காதீர்கள்.