அடிபடுவதற்கென்று ஒரு பட்டி

கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி மட்டக்குளியில் இறங்கி ஆற்றுப் பக்கம் நடந்தால், மீன் மணத்துக்கு முந்திக்கொண்டு ரெசின் மணம் வரும். சிவனொளிபாதமலைப் பக்கத்தில் புறப்பட்ட களனி, 145 கிலோமீற்றர் ஓடி இங்கேதான் கடலில் சேர்கிறது. பார்வைக்குச் சோம்பலான ஆறு. அந்தச் சோம்பலை நம்பி வேகமாக ஓட்டியவர்களின் படகுகள் பைபர் படகு திருத்தும் பாஸின் கொட்டகை வாசலில் கவிழ்ந்து கிடந்தன.

"கல் மட்டுமில்ல தம்பி. உடைஞ்ச கொங்கிரீட், தாண்டுபோன மரக்குத்தி, எல்லாம் அடியில கிடக்கு. தண்ணி வத்தினா அதுதான் முதல்ல படகைத் தொடும்" என்றார் பாஸ்.

அவர் முதலில் செய்தது தட்டிப் பார்ப்பது. சுத்தியலின் மரப்பிடியால் ஒரு படகின் அடியை விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டக்' என்று இறுகிய சத்தம். ஓரிடத்தில் 'பொத்' என்றது. வெளியே சின்னக் கீறல்தான், உள்ளே அடுக்குகள் பிரிந்துவிட்டிருந்தன. பென்சிலால் வட்டம் போட்டார். நான் கீறலைப் பார்த்து ஊகித்ததைவிட அது மூன்று மடங்கு பெரிது.

பிறகு கிரைண்டர். கீறலை அப்படியே அடைத்துவிட முடியாது. சுற்றிவரச் சரிவாகத் தேய்த்து எடுக்கவேண்டும். கனத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு இருந்தால் நல்லது. அப்போதுதான் புதிதாக ஒட்டும் கண்ணாடி இழை விரிப்பான மேட் பழைய பைபரை அகலமாகப் பிடிக்கும். கண்ணாடித் தூள் தோலில் ஏறினால் இரவெல்லாம் அரிக்கும். பாஸ் கைகளில் தேங்காய் எண்ணெய் பூசியிருந்தார்; வாயை மூட ஒரு பழைய சாரத் துண்டு. நல்ல முகமூடி வாங்கிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு உறுத்தியது.

உப்புப்போக நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் ரெசின். ஈரத்தில் அது ஒட்டாது. ஒரு கிலோ ரெசினுக்குப் பத்திலிருந்து இருபது கிராம் ஹார்ட்னர். அவசரத்தில் கூடப் போட்டால் சூடேறி வெடிக்கும். மேட்டை விரித்து, தூரிகையால் குத்திக் குத்தி நனைத்து, ரோலரால் காற்றுக் குமிழ்களை ஓரத்துக்குத் தள்ளினார். இந்த இடத்தில் மட்டும் அவர் பேசவில்லை.

வேலையின் சூட்சுமம் அதற்குப் பிறகுதான். படகுக்காரர் இன்னும் மூன்று அடுக்கு போடச் சொன்னார். பாஸ் மறுத்தார். ஓரிடம் மட்டும் விறைத்து நின்றால், அடுத்த அடியில் அந்த ஒட்டின் விளிம்பில் வெடிக்கும். அதற்குப் பதில், படகின் அடி நடுவே ஓடும் ஏரா நெடுகிலும் ஒரு மரப்பட்டி. கல் அதைத்தான் உரசவேண்டும். தேய்ந்தால் கழற்றி வேறு போடலாம். பட்டியின் ஆணி படகின் தோலைத் துளைத்து உள்ளே போனால் தண்ணீர் அந்த வழியாகவே புகும் என்பதால், அடியில் பசை வைத்து ஏராவின் கனத்த பகுதியிலேயே முடுக்கினார்.

இதே ஆற்றின் மேலே, கித்துல்கலையில், பாறைகளுக்கு நடுவே சுற்றுலாக்காரரை ஏற்றிப் போவது காற்றடைத்த ரப்பர் படகு. "ரப்பர் நெளியும், பைபர் உடையும்" என்றார் பாஸ். அந்தக் காலத்தில் களனியில் சரக்கேற்றிய பாருவோ அடி தட்டையானது. ஆழம் குறைந்த தண்ணீரிலும் மிதந்தது. நெளியவும் மாட்டாத, கூரிய அடியும் கொண்ட பைபர் படகுக்குத்தான் இந்தப் பட்டி தேவைப்படுகிறது. இந்த நாட்டில் பைபர் படகு பரவியதில் சீநோருக்கும் பங்குண்டு. நோர்வே உதவியோடு 1967இல் வடக்கில் தொடங்கி, காரைநகரில் படகு கட்டிய நிறுவனம் அது.

என் வீடு வெள்ளவத்தையில். தெகிவளைக் கரையில் படகுகளை மணலில் இழுத்து ஏற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அவற்றின் அடியைப் பார்த்ததில்லை. அதைச் சொன்னதும் பாஸ் சிரித்தார். "மணலும் அரம்தான் தம்பி. கல் ஒரு நாளில செய்யிறதை அது ஒரு வருசத்தில செய்யும்."

படகுக்காரர் நாளைக்கே வேண்டும் என்று நின்றார். மேற்பூச்சான ஜெல்கோட் இறுக ஒரு நாள் வெயில் போதும், மழை வந்தால் வெள்ளிக்கிழமைக்குப் பார்க்கலாம் என்றார் பாஸ். முன்பணத்தை மட்டும் இப்போதே கேட்டார்.