ஒரே நிலா, இரண்டு திருவிழா: பழநி மலையில் ஓர் ஈஸ்டர்

பங்குனி பிறந்துவிட்டால் கொடைக்கானலில் ஜகரண்டா மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுப் பூவைச் சூடிக்கொள்ளும். மரத்தடியெல்லாம் ஊதாக் கம்பளம். அதே வாரங்களில் மலையில் இருக்கும் கத்தோலிக்கக் கோயில்களில் குருவானவரின் மேலாடையும் ஊதா நிறத்துக்கு மாறியிருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலத்தின் நிறம் அது. மரமும் கோயிலும் ஒரே நிறத்தில் நிற்கும் இந்த நாட்களில்தான் மலையின் அடிவாரத்தில், பழநியில், காவடிகள் வந்து சேர்கின்றன. கொடுமுடியில் எடுத்த காவிரி நீரைத் தோளில் சுமந்து கொங்கு நாட்டு பக்தர்கள் வெயிலில் நடந்து வருகிறார்கள். மேலே சிலுவைப்பாதை, கீழே தீர்த்தக்காவடி.

கோடை விடுமுறைக்கு ஒத்திகைபோல, புனித வெள்ளி முதல் ஞாயிறு வரையிலான மூன்று நாள் விடுமுறையில் கொடைக்கானல் கிளம்பும் குடும்பங்கள் ஏராளம். ஏரியில் படகு, தூண் பாறையில் ஒரு போட்டோ, ஹோம்மேட் சாக்லேட் என்று பயணம் முடிந்துவிடுகிறது. ஊரே ஒரு பெரிய வாரத்தை அனுசரித்துக்கொண்டிருந்தது பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. தெரிந்துகொண்டு போனால் அதே மூன்று நாட்கள் வேறு மாதிரி அமையும்.

நிலா போடும் கணக்கு

கிறிஸ்துமஸ் போல ஈஸ்டருக்கு நிலையான தேதி கிடையாது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருக்கும். பங்குனி உத்திரமோ பங்குனி மாதத்து உத்திர நட்சத்திர நாள். பௌர்ணமியை ஒட்டியே வரும். ஆக, பல வருடங்களில் இரண்டு திருவிழாக்களும் ஒரே நிலாவைப் பார்த்துத்தான் நாள் குறிக்கின்றன.

2024-ல் பங்குனி உத்திரம் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 31. 2021-ல் இன்னும் நெருக்கம். மார்ச் 28 அன்று பழநியில் பங்குனி உத்திரம். அதே ஞாயிறு, தேவாலயங்களில் குருத்தோலை ஞாயிறு. சில வருடங்களில் இரண்டும் விலகிப்போவதும் உண்டு. 2022-ல் பங்குனிப் பௌர்ணமி மார்ச் 18-லேயே வந்துவிட்டதால், ஈஸ்டர் அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருந்து ஏப்ரல் 17-க்குப் போனது.

உயிர் பிழைக்க ஏறிய மலை

மரணத்திலிருந்து உயிர்த்தெழுதலைக் கொண்டாடும் நாள் ஈஸ்டர். கொடைக்கானல் என்ற ஊர் உருவான கதையும் சாவிலிருந்துதான் தொடங்குகிறது.

1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து ஊழியம் தொடங்கினார்கள் அமெரிக்க மிஷனரிகள். மதுரையின் வெயிலும் காலராவும் காய்ச்சலும் அவர்களை வாட்டின. பெரியவர்களையும் குழந்தைகளையும் அடுத்தடுத்து அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. இளைப்பாறலாம் என்று முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. லெப்டினன்ட் வார்டு 1821-லேயே நில அளவை செய்திருந்த பழநி மலைக்கு அடுத்ததாக வந்தார்கள். 1845-ல் சுமார் 7,000 அடி உயரத்தில் ஷெல்டன், சன்னிசைட் என்று இரண்டு பங்களாக்கள் எழுந்தன. இன்றைய கொடைக்கானலின் பிள்ளையார் சுழி அந்த இரண்டு வீடுகள்தான். மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி.

அவர்கள் எப்படி ஏறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை மாட்டு வண்டி. அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. கைக்குழந்தைகளையும் நோயாளிகளையும் பெட்டி படுக்கைகளையும் டோலியிலும் நாற்காலியிலும் வைத்து மேலே தூக்கிப் போனவர்கள் அடிவாரத்து ஏழைத் தொழிலாளர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை வரும்வரை, இந்த ஊர் முழுவதும் அவர்கள் தோளில்தான் மேலேறியது. அவர்களில் எவர் பெயரும் எந்தத் தெருவுக்கும் சூட்டப்படவில்லை. ஏரியை உருவாக்கிய மதுரை கலெக்டர் லெவிஞ்சுக்கும், மலை விளிம்பில் பாதை போட்ட கோக்கருக்கும் மட்டும் பெயர் நின்றிருக்கிறது.

பெரிய வாரத்தில் நான்கு நாட்கள்

வியாழக்கிழமையே மலையேறிவிடுவது நல்லது. அன்று மாலைத் திருப்பலியில் பங்குத்தந்தை பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதன் நினைவு அது. ‘உன்னதங்களிலே’ கீதம் பாடும்போது மணிகள் ஒலிக்கும். அதன் பிறகு சனி இரவு வரை ஆலயத்தில் மணி ஓசை கிடையாது. தேவைப்பட்டால் மரக்கட்டையைத் தட்டுவார்கள். பிரார்த்தனை முடிந்து வெளியே வந்தால், ஏரிக்கு மேலே முழுநிலா, அல்லது அதற்குச் சில நாள் முன்பின்னான நிலா. ஈஸ்டர் கணக்கின் புண்ணியம்!

புனித வெள்ளிக்குப் பொருத்தமான இடம் சலேத் மாதா ஆலயம். பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்ற கிராமத்தில், 1846-ல் ஆடுமாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதா அழுதபடி காட்சி தந்தார் என்பது நம்பிக்கை. அந்த மாதாவின் பெயரில் பிரெஞ்சு இயேசு சபைக் குருவான லூயி சேன் சிர் கட்டிய ஆலயம் 1866 முதல் இங்கே நிற்கிறது. ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் நடக்கும் திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதும். பெரிய வாரத்தில் வேறு மனநிலை. மலைச்சரிவில் ஏறிப் போய், அழும் தாயின் முன் நின்றால், மகனை இழந்த தாயின் நாள் இது என்பது தானாகவே புரியும்.

அன்று சிலுவைப்பாதையின் 14 நிலைகளிலும் முழங்காலிட்டு எழுந்து ஜெபிப்பார்கள். பிற்பகல் மூன்று மணியை ஒட்டித் திருச்சிலுவை ஆராதனை. தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி நண்பகல் தொடங்கி மூன்று மணி வரை தியானம் நடப்பது வழக்கம். ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதிய பிஷப் கால்டுவெல் தன் கடைசி நாட்களைக் கழித்தது கொடைக்கானலில்தான். 1891 ஆகஸ்ட் 28 அன்று இங்கேயே இறந்தார். அவர் உடல் இடையன்குடிக்குக் கொண்டுபோகப்பட்டு, அவர் கட்டிய ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தமிழ் மேல் பற்றுள்ளவர்களுக்கு அந்த நினைவுக்காகவும் இந்த ஊரில் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றும்.

சனிக்கிழமை கல்லறை நாள். பகலில் ஆலயத்தில் திருப்பலி இல்லை. மலைக்கும் கல்லறைக்கும் உள்ள பழைய உறவைப் பார்க்க அது ஏற்ற நாள். தாண்டிக்குடிப் பக்கம் பெருங்கற்கால மக்கள் தங்கள் இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிக் கட்டிய கற்திட்டைகள் இருக்கின்றன. செண்பகனூரில் இருந்த இயேசு சபைக் குருக்கள் ஆங்லாத், நியூட்டன் இருவரும் இவற்றைத் தேடி நடந்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய நூல் 1928-ல் வெளியானது. 1895-ல் தொடங்கிய செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பறவைகள், பாம்புகள், பூச்சிகள் என்று மலையின் உயிர்களை அங்கே ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம்.

சனி இரவுதான் உச்சம். விளக்குகள் எல்லாம் அணைந்திருக்க, ஆலயத்துக்கு வெளியே புது நெருப்பு மூட்டி அதிலிருந்து பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றுவார்கள். ஒரு திரியிலிருந்து அடுத்த திரி, அதிலிருந்து அடுத்தது என்று கோயில் முழுவதும் வெளிச்சம் பரவும். இரண்டு நாள் மௌனமாக இருந்த மணிகள் ஒன்றாக ஒலிக்க, 40 நாளாகப் பாடாத ‘அல்லேலூயா’ வெடித்துக் கிளம்பும். கொடைக்கானல் குளிரில், கையில் மெழுகுதிரியோடு நிற்பவர்களுக்கு அந்தச் சின்னச் சுடரின் சூடே ஓர் ஆறுதல்.

ஞாயிறு காலை, மூடுபனி ஏறுவதற்குள் கோக்கர்ஸ் வாக் போய்விட வேண்டும். 1872-ல் போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதை அது. வானம் தெளிவாக இருந்தால் கீழே சமவெளி விரிந்து கிடப்பது தெரியும். தவக்காலத்தில் கறி தொடாத வீடுகளில் அன்றைக்கு இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் மணக்கும்.

மலைக்குத் தேவை கொஞ்சம் மௌனம்

நோயிலிருந்து தப்பித்து மனிதர்கள் ஏறிவந்த மலைக்கு இப்போது மூச்சு முட்டுகிறது. நீண்ட விடுமுறை வந்தால் பெருமாள்மலையிலேயே வண்டிகள் நிற்கத் தொடங்கிவிடும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில், அந்த சீசனுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. ஆலய மணிகூட அடங்கியிருக்கும் இரண்டு நாட்களில் ஹாரன் மட்டும் ஓயாமல் அலறுவது அந்த வாரத்துக்கு அழகில்லை. அறைக்கு வந்ததும் காரை நிறுத்திவிட்டு நடக்கலாம். ஏரி, கோக்கர்ஸ் வாக், சலேத் மாதா ஆலயம் மூன்றுக்கும் நடந்தே போய்வர முடியும். காவடி சுமப்பவரும் சிலுவைப்பாதை செல்பவரும் நடந்துதானே போகிறார்கள்!

போகிறவர்கள் கவனத்துக்கு

* இ-பாஸ் எடுக்காமல் கிளம்ப வேண்டாம். அந்த ஆண்டின் கட்டுப்பாடுகளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.
* எல்லா மதத்தினரும் வழிபாட்டில் அமரலாம். நற்கருணை வாங்குவது மட்டும் கத்தோலிக்கர்களுக்கானது. வழிபாட்டின் நடுவே போட்டோ, வீடியோ தவிர்க்கலாம்.
* வழிபாட்டு நேரங்கள் ஆலயத்துக்கு ஆலயம் மாறும். முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.
* பகலில் இதமான வெயில். இரவில் நல்ல குளிர். சனி இரவு வழிபாட்டுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் அவசியம்.
* தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கட்டுப்பாடு உண்டு.
* வாங்கி வர: 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு.

இறங்கும்போது வத்தலக்குண்டு பக்கம் திரும்பாமல், பெருமாள்மலையிலிருந்து பழநிச் சாலையைப் பிடிக்கலாம். கொடைக்கானலிலிருந்து பழநி சுமார் 64 கிலோமீட்டர். வளைவுகள் முடியும் இடத்தில் தண்டாயுதபாணியின் குன்று தெரியும். உத்திரக் கூட்டம் ஓய்ந்திருக்கும். பழநியில் கையில் வாங்கும் பஞ்சாமிர்தத்தில் நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, தேன், நெய்யோடு பிசைந்திருப்பது விருப்பாச்சி வாழைப்பழம். அது விளைவது, சற்று முன் இறங்கி வந்த அதே மலையில்தான்.