செகாரிக்குப் போனால் பாருங்கள்

தேங்காய் பறிக்கச் சங்கிலி கட்டி வளர்க்கும் பெரோக் குரங்கைப் பார்த்திருப்பீர்கள். ஆள் அசந்தால் அடுப்படிச் சட்டியையும் உருட்டிவிடும்! அதன் சொந்தக் காட்டைக் காண, ஈப்போவிலிருந்து சித்தியவான் வழியாகச் செகாரிக்குப் போய் வாருங்கள். காட்டை ஒட்டியே செம்பனைத் தோட்டங்கள். பழம் திருடும் பயல் என்றுதான் அங்கேயும் அதற்குப் பெயர். ஆனால் அவ்விடத்தில் ஆராய்ந்தவர்கள் 2019இல் சொன்ன கணக்கு வேறு. ஒரு கூட்டம் ஆண்டுக்கு 3,000 எலிகளுக்கு மேல் பிடித்துத் தின்கிறதாம்! எலி நாசமாக்கும் பழத்துக்கு முன்னால் குரங்கு தின்பது கொசுறுதான். குட்டி விலைக்கு வந்தால் ஆசைப்படாதீர்கள். தாயிடமிருந்து பிரித்ததாக இருக்கும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி உரிமமின்றி வளர்ப்பதும் குற்றம். போகிற வழியில் ரொட்டியும் வீசாதீர்கள். எலியை விட்டுவிட்டு உங்கள் காரைத் தேடி வரும்.